இறம்பொடை வளைவில் வண்டி மேல் ரோட்டுக்குத் தாவுது, உதவி வேணும்

ஹட்டன்_தம்பி:
அவசரம், வெள்ளிக்கிழமை புரொஜெக்ட் காட்டணும். தானா ஓடும் காருக்கு நுவரெலியா ரோட்டுல இருக்கிற இறம்பொடை ஊசி வளைவுகளை மேப் பண்ணினோம். பதிவான டேட்டாவை ஓட்டிப் பார்த்தா, வண்டி திடீர்னு மேல் ரோட்டுல நிக்கிறதா காட்டுது. ஏன்?

கம்பளைக்காரன்:
என்ன சென்சர் தம்பி? மேப் எப்ப எடுத்தது? ஒண்ணுமே சொல்லாம கேட்டா எப்படி?

மடுல்சீமை_மூர்த்தி:
ஜிபிஎஸ்தான். போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலயே 5 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். இங்க சிக்னல் பாறையில பட்டுத் திரும்புது. ஆர்டிகே போடுங்க, அது தரை நிலையத்தோட ஒப்பிட்டு ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும்.

பழைய_ஆள்:
அடிப்படையைப் படிச்சிட்டு வாங்க. ஜிபிஎஸ் சுமாரான இடத்தைத்தான் சொல்லும். லைடார் (லேசர் அடிச்சுத் தூரம் அளக்கிற சென்சர்) பார்க்கிற புள்ளிகளை மேப்ல இருக்கிற புள்ளிகளோட பொருத்தித்தான் சென்டிமீட்டர் கணக்குல இடம் பிடிக்கணும்.

ஹட்டன்_தம்பி:
லைடார், 16 கதிர். மென்பொருள் ஆட்டோவேர், புள்ளி பொருத்துற முறை என்டிடி. மேப் ஜனவரியில எடுத்தது, ஓட்டினது போன வாரம்.

தோட்டத்துப்_பிள்ளை:
இடையில ரோட்டோரத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டினாங்களா? எங்க தோட்டத்துல வெட்டி முடிச்ச மலையில இடுப்பளவு செடி வெறும் குச்சியா நிக்கும், இலையே இருக்காது. ஜனவரியில ரோட்டோரம் பதிஞ்ச புள்ளி பாதி இப்ப அங்க இல்ல. வெட்டாத மேல் ரோட்டோரம்தான் மேப்புக்குப் பொருந்தும். செடிப் புள்ளிகளை எடுத்துட்டு மதகு, தடுப்புச் சுவர், கரண்ட் கம்பத்தை மட்டும் வச்சுப் பாருங்க.

நானுஓயா77:
இதுக்குத்தான் டெஸ்லா இந்த மாதிரி மேப்பே வேணாம்னு கேமராவை நம்புது. 2025 நவம்பர்ல டித்வா புயல்ல நம்ம பக்கம் ரோடு எத்தனை இடத்துல சரிஞ்சுது? மேப்பை நம்பிப் போனா பள்ளத்துலதான்.

பழைய_ஆள்:
தெரியாம பேசாதீங்க. வேமோ கம்பெனி இப்படி மேப் வச்சுக்கிட்டுத்தான் சான் பிரான்சிஸ்கோவுல டிரைவர் இல்லாம ஆள் ஏத்துது. ரோடு மாறியிருந்தா சென்சர் பார்க்கிறதைத்தான் வண்டி நம்பும். மேப் வேணும்கிறது வளைவுக்கு அந்தப் பக்கத்துக்காக. மூடுபனியில எந்த வளைவுல ஹோர்ன் அடிக்கணும்னு நம்ம பஸ் டிரைவருக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

நானுஓயா77:
அந்த டிரைவர் தினமும் போறவர். மேப்பை யாரு தினமும் புதுப்பிக்கிறது?

கம்பளைக்காரன்:
சண்டையை விடுங்கப்பா. தம்பி, ஜிபிஎஸ்ல உயரம்தான் ரொம்பத் தப்பும். ஊசி வளைவுல மேல் ரோடும் கீழ் ரோடும் பக்கத்துலயே ஓடுது, உயரம் மட்டும்தான் வித்தியாசம். காத்தழுத்தத்தை வச்சு உயரம் சொல்ற பாரோமீட்டர் இருக்கா?

ஹட்டன்_தம்பி:
இருந்துச்சு, சேர்த்தாச்சு. தாவல் நின்னுட்டுது. கவ்வாத்து வெட்டின பக்கம் இன்னும் ஆடுது, செடிப் புள்ளியை எடுத்துட்டுப் பார்க்கிறேன். நன்றி அண்ணே.