கரண்ட் போய் வந்தால் ஐபிவி6 மட்டும் தொங்குது: ரூட்டர் கொட்டேஷனுக்கு என்ன நிபந்தனை எழுதலாம்?

நொய்யல்கரை:
திருப்பூர்ல ஒரே வளாகத்துல இருக்கற 14 சின்ன ஆபீசுக்கு ஒரே மாதிரி ரூட்டர் வாங்கப் போறோமுங்க. பனியன் கம்பெனி, ஜாப் ஒர்க் யூனிட் இப்படித்தான். இப்ப இருக்கற பெட்டியிலயும் "ஐபிவி6 ரெடி"ன்னு (ஐபிவி6-ங்கறது இன்டர்நெட் முகவரியோட புது முறை, பழசு ஐபிவி4) போட்டிருக்குது, ஆனா மூணு தொல்லை.

ஒண்ணு, கரண்ட் கண் சிமிட்டினா ரூட்டர் திரும்ப எழுந்திரிக்குது. கம்ப்யூட்டரெல்லாம் யூபிஎஸ்ல இருக்கறதால அணையறதில்ல. அதுக்கப்புறம் ரொம்ப நேரத்துக்குப் பக்கங்கள் இழுத்து இழுத்துத் திறக்குது. ரெண்டு, குடோன்ல வச்ச ரெண்டாவது ரூட்டருக்குப் பின்னால ஐபிவி6 வர்றதே இல்ல. மூணு, கேமராவை வெளியில இருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டு (வெளியில இருந்து வர்றதை உள்ளே கேமராவுக்குத் திருப்பி விடற செட்டிங்) போட்டும் பலிக்கல. கடைக்காரர் தட்டிக்கழிக்க முடியாத மாதிரி நிபந்தனையை எப்படி எழுதறதுங்க?

சென்னிமலை_தறி:
முதல் தொல்லைக்குக் காரணம் தெளிவானதுங்க. ரூட்டர் எழுந்ததும் இன்டர்நெட் சேவைக்காரரிடமிருந்து புது ப்ரிஃபிக்ஸ் (ஐபிவி6 முகவரியோட முன்பகுதி) வாங்கிக்குது. பழசு அதுக்கு மறந்து போச்சு. கம்ப்யூட்டர் மறக்கல, ரெண்டு முகவரியும் வச்சிருக்குது. பழைய முகவரியில இருந்து கிளம்புற பாக்கெட்டுக்குப் பதில் திரும்பி வராது. பிரவுசர் காத்திருந்து ஐபிவி4-க்குத் தாவறதுதான் நீங்க பார்க்கற இழுவை.

வீட்டு ரூட்டருக்கான அடிப்படை ஆவணம் ஆர்எஃப்சி (இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவண வரிசை) 7084, 2013-ல வந்தது. ப்ரிஃபிக்ஸ் மாறினா பழசை "பிரிஃபர்டு ஆயுள் 0"ன்னு (இனிப் புது இணைப்புக்கு இதை எடுக்காதேன்னு) அறிவிக்கணும்னு அதுலயே இருக்குது. ஆனா கரண்ட் போய் நினைவே அழிஞ்ச ரூட்டர் எதை அறிவிக்கும்? அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021-ல ஆர்எஃப்சி 9096 வந்துச்சு: ப்ரிஃபிக்ஸை அழியாத நினைவகத்துல எழுதி வைக்கணும், எழுந்ததும் பழசை ஆயுள் 0-ன்னு சொல்லணும். ஆயுளுக்கான இயல்பளவையும் குறைச்சாங்க: பிரிஃபர்டு 2700 விநாடி, வேலிட் (முகவரி முழுசாக் காலாவதியாகற வரை) 5400 விநாடி. அதுக்கு முந்தின பொது இயல்பளவு 7 நாள், 30 நாள். இத்தனை நாள் பழசு ஒட்டிக்கிட்டிருந்தா தொங்காம என்ன செய்யும்?

கொட்டேஷன்ல "ஐபிவி6 ஆதரவு"ன்னு மட்டும் எழுதாதீங்க, அதுக்கு எந்தப் பெட்டியும் ஆமான்னுதான் சொல்லும். ஆவண எண்ணை எழுதுங்க, கூடவே சோதனையையும் எழுதுங்க: கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டிருக்கும்போது ரூட்டர் பிளக்கைப் பிடுங்கி 30 விநாடி கழிச்சுச் சொருகணும். பிறகு விண்டோஸ்ல நெட்ஷ் (netsh) கட்டளை கொடுத்து முகவரிப் பட்டியலை எடுங்க. 2-ல ஆரம்பிக்கற முகவரிகள்ல முதல் நாலு கட்டத்தை ஒப்பிடுங்க, மீதி கட்டம் தற்காலிக முகவரியால மாறும். பழைய ப்ரிஃபிக்ஸ் "டெப்ரிகேட்டட்"னு (ஒதுக்கி வச்சதுன்னு) காட்டினா பாஸ். ரெண்டுமே "பிரிஃபர்டு"ன்னா திருப்பி அனுப்புங்க. ப்ரிஃபிக்ஸே மாறலைன்னா சோதனை நடந்ததா எடுத்துக்காதீங்க, மறுபடி செஞ்சு பாருங்க.

இப்போதைக்கு ஓஎன்டி (ஃபைபர் லைன் வந்து சேர்ற பெட்டி), ரூட்டர் ரெண்டையும் ஒரே மினி யூபிஎஸ்ல போடுங்க. ரெண்டும் 12 வோல்ட் 1 ஆம்பியர்னா 24 வாட் தாங்கணும். சில அடாப்டர் 9 வோல்ட், லேபிளைப் பார்க்காம சொருகிடாதீங்க.

பொள்ளாச்சி_ரோடு:
குடோன் விஷயம் வேறங்க. வர்ற ப்ரிஃபிக்ஸை உள்ளே இன்னொரு ரூட்டருக்குப் பங்கு போட்டுத் தரணும்னு 7084 கட்டாயப்படுத்தல. 2025-ல வந்த ஆர்எஃப்சி 9818 தான் அதைக் கேக்குது. நிபந்தனையில அதையும் சேருங்க, ஆனா அதுக்கு ஈடு கொடுக்கற பெட்டி இப்ப கம்மியாத்தான் கிடைக்கும்.

அதுக்கு முன்னால சேவைக்காரர் எவ்வளவு தர்றாருன்னு கேளுங்க. ஒரு உள்வலைக்கு ஒரு /64 வேணும், கோட்டுக்குப் பின்னால எண் சின்னதா இருந்தா பங்கு பெருசு: /56 வந்தா 256 உள்வலை, /60 வந்தா 16. ஒரே ஒரு /64 தான்னா பங்கு போட ஒண்ணுமில்ல, எந்த ரூட்டராலயும் முடியாது. அப்போ குடோன் பெட்டியை ஆக்சஸ் பாயின்ட்டா (ரூட்டர் வேலை பார்க்காம வைஃபை மட்டும் தர்ற பெட்டியா) மாத்துங்க: முகவரி 192.168.1.2, டிஹெச்சிபி (முகவரி வழங்கற வேலை) நிறுத்தம், ஐபிவி6 அறிவிப்பும் நிறுத்தம், கேபிள் வேன் (வெளி லைன்) போர்ட்ல இல்லாம லேன் (உள்வலை) போர்ட்ல. நிறையப் பேர் டிஹெச்சிபியை மட்டும் நிறுத்திட்டு ஐபிவி6 அறிவிப்பை மறந்துடறாங்க. அப்புறம் கம்ப்யூட்டருக்கு ரெண்டு கேட்வே (வெளியே போற வாசல்) தெரியும். தாமிர கேபிள் 100 மீட்டருக்கு மேல போகக்கூடாது, அதுக்கு மேலன்னா ஃபைபர்தான்.

கரூர்_நூல்:
கேமராவுக்கு: ரூட்டரோட வேன் முகவரி 100.64-ல இருந்து 100.127 வரைக்குள்ள இருந்தா சேவைக்காரர் பல பேருக்கு ஒரே ஐபிவி4 முகவரியைப் பகிர்ந்து தர்றாருன்னு அர்த்தம். உங்க போர்ட் ஃபார்வர்டு அங்கேயே நின்னுடும்.

ஐபிவி6 இருக்குதேன்னு ஃபயர்வாலைத் திறந்து கேமராவை நேரா வெளியே விட்டுடாதீங்க, ரொம்ப ஆபத்து. பழைய கேமரா மென்பொருளுக்கு யாரும் ஓட்டை அடைச்சுத் தர்றதில்ல. ஆர்எஃப்சி 6092 சொல்ற மாதிரி, கேக்காம உள்ளே வர்றதை இயல்பா மறிக்கற ரூட்டரா வாங்கி, அதுல வயர்கார்டு (வெளியில இருந்து பூட்டின வழியா உள்ளே வர உதவற விபிஎன் மென்பொருள்) சர்வர் ஓட விடுங்க. யூடிபி 51820 போர்ட் ஒண்ணு மட்டும் திறந்தாப் போதும். பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையற லைன்) இணைப்புன்னா வயர்கார்டு எம்டியூவை (ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு, பைட்ல) 1412-ன்னு வைங்க: லைனோட 1492-ல வயர்கார்டு எடுத்துக்கற 80 போக மீதி. விட்டுட்டா லாகின் பக்கம் திறக்கும், படம் மட்டும் வராது. ஐபிவி4 வழி அடைபட்டிருக்கறதால வெளியில பார்க்கற போன்லயும் ஐபிவி6 இருக்கணும்ங்கறதை மறக்காதீங்க.

நொய்யல்கரை:
நல்லதுங்க. லைனை இப்பத்தான் பார்த்தேன், /64 ஒண்ணுதான் வருது. 9096 கட்டாயம், 9818 விருப்பம்னு எழுதலாமுங்களா?

சென்னிமலை_தறி:
எழுதலாமுங்க. மென்பொருள் அப்டேட் எந்தத் தேதி வரைக்கும் தருவாங்கங்கறதையும் எழுத்துல வாங்கிக்கங்க. 14-ஐயும் ஒரே மூச்சுல எடுக்காம, ஒண்ணை வாங்கிப் பிளக் பிடுங்கிப் பார்த்துட்டு மீதிக்கு ஆர்டர் போடுங்க.