கூரையிலிருந்து விழுந்த கடற்காகக் குஞ்சு, பின்வாசல் பக்கம் போக முடியவில்லை

இங்கிலாந்தின் கடலோர ஊரான பிரைட்டனில் மூன்று மாடி வரிசை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மே முதல் வாரம் சிம்னிக்குப் பின்னால் ஹெர்ரிங் கடற்காகம் (herring gull என்னும் பெரிய கடற்பறவை) கூடு கட்டி மூன்று முட்டை இட்டது. ஜூன் தொடக்கத்தில் குஞ்சு பொரித்தது. அதுவரை தொந்தரவில்லை.

முந்தாநாள் ஒரு குஞ்சு சரிந்து பின்முற்றத்தில் விழுந்துவிட்டது. புள்ளி போட்ட சாம்பல் பஞ்சு உருண்டை. அடிபடவில்லை, நன்றாக ஓடுகிறது, குப்பைத்தொட்டிக்குப் பின்னால் பதுங்குகிறது. துணி காயப்போடப் போனால் தாயும் தகப்பனும் மாறி மாறித் தலைக்கு நேராகப் பாய்கின்றன. காக்கை தலையில் தட்டினாலே சனி என்பார் மாமியார். இப்போது வெளியே வரவே மாட்டேன் என்கிறார்.

குடை பிடித்துப் பார்த்தாயிற்று. பிளாஸ்டிக் ஆந்தை வைத்தோம், அதன் தலைமேலேயே ஒன்று உட்கார்ந்துகொண்டது. கூரை வரை ஏணி எட்டாது. வீட்டுக்காரர் "ஆகஸ்டில் பறந்துவிடும்" என்கிறார். 1981 வனவிலங்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கூட்டைக் கலைக்கக் கூடாது என்று தெரியும், எனக்கும் மனமில்லை.

குஞ்சைத் தரையிலேயே விட்டுவிடலாமா, இல்லை, சமையலறையின் தாழ்வான கூரையில் ஏற்றி வைப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.