எழுதுன டிவிடியக் காப்பி எடுக்காம பூட்ட முடியுங்களா? (வள்ளி கும்மித் தட்டு)

கோபி ஸ்டுடியோக்காரன்:
வணக்கமுங்க. கோபிப் பக்கம் சின்னதா ஒரு ஸ்டுடியோ வெச்சிருக்கறேன். கல்யாணம், காதுகுத்து, சீருன்னு ஓடற பொழப்பு. ரெண்டு வருசமா வள்ளி கும்மி (முருகன் வள்ளி கதையைப் பாடிக் கும்மியடிக்கற எங்க கொங்கு ஆட்டம்) அரங்கேற்றம் எச்சா வருது. போன மாசம் பக்கத்தூர்ல மாரியம்மன் கோயில் வாசல்ல 140 பேரு ஆடுனாங்க. மூணு கேமரா வெச்சு எடுத்து, 11 நாள் எடிட்டிங்ல உக்காந்து, 1 மணி 40 நிமிசத்துக்கு டிவிடி போட்டேன். தட்டு ஒண்ணு 200 ரூபா.

140 பேரு ஆடுனா நூறு தட்டாச்சும் போகும்னு கணக்கு. போனது 23. நாலாம் நாளே பஸ் ஸ்டாப்புகிட்ட ஒரு செல்போன் கடையில 30 ரூபாய்க்கு பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்துட்டு இருக்கறாங்க. முதல் சீன்ல என் ஸ்டுடியோ பேரு சுத்திச் சுத்தி வருமே, அதைக்கூட வெட்டல.

சரின்னு "காப்பி எடுக்க முடியாது"ன்னு சொல்ற ஒரு சாஃப்ட்வேரைப் புடிச்சு அதுல 10 தட்டு எழுதினேன். அதுல 6 திரும்பி வந்துருச்சு. ஒரு ஆத்தா ஊட்டுக்கே போய்ப் பார்த்தேன். மூணாவது பாட்டு முடியற எடத்துல பிளேயர் கிர்ர், கிர்ர்னு தேடுது, படம் கட்டம் கட்டமா ஒடையுது, பொறவு தட்டே வெளிய வந்துருது. செல்போன் கடைக்காரன் மட்டும் அதே தட்டை நல்லா ஏத்திட்டான்!

டிவிடி இன்னும் ஆரு பாக்கறாங்கன்னு கேக்காதீங்க. எங்கூர்ல டிவிக்குக் கீழ பூப்போட்ட துணி மூடி பிளேயர் இன்னும் இருக்குது. சினிமாத் தட்டுல இருக்கற பூட்டு நம்ம தட்டுலயும் போட வழி இருக்குதுங்களா?

பீளமேடு 404:
எந்தத் தட்டு? டிவிடி மைனஸ் ஆரா (DVD-R), பிளஸ் ஆரா (DVD+R)? எத்தனை வேகத்துல எழுதுனீங்க?

கோபி ஸ்டுடியோக்காரன்:
மைனஸ் ஆர் தானுங்க. 8 எக்ஸ். சாதாரணமா எழுதுன தட்டு ஒண்ணுகூட அந்த பிளேயர்கள்ல நின்னதில்லை. அந்த சாஃப்ட்வேர்ல எழுதினது மட்டுந்தான் நிக்குது.

பீளமேடு 404:
அப்ப தட்டு மேலயும் பிளேயர் மேலயும் குத்தமில்ல. அந்த மாதிரி சாஃப்ட்வேர் செய்யறது ஒண்ணே ஒண்ணு. வேணும்னே சில செக்டரை, அதாவது தட்டுல டேட்டா இருக்கற குட்டிக் கட்டங்களை, கெட்டுப்போன மாதிரி எழுதி வெக்கும். தட்டை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் அப்படியே நகலெடுக்கறவன் அங்க முட்டி நிப்பான். ஒழுங்கா பாட்டைப் பாக்கறவன் அந்தப் பக்கமே போகமாட்டான், ஏன்னா எதை எந்த வரிசையில ஓட்டணும்னு பிளேயருக்குச் சொல்ற ஐஎஃப்ஓ ஃபைல்ல எழுதியிருக்கற வழியில அந்த இடம் வராது. சோனி ஒரு காலத்துல ஆர்கோஸ்னு இதையேதான் செஞ்சாங்க. அவங்க தட்டும் சில பிளேயர்ல ஓடலைன்னு புகார் வந்துச்சு. பழைய பிளேயர் கொஞ்சம் முன்னாடியே படிச்சு வெச்சுக்கப் போய், கெட்ட செக்டர்ல தலையை மோதிக்குது. உங்க ஆத்தா ஊட்டுக் கிர்ர் சத்தம் அதுதான். காப்பி எடுக்கற சாஃப்ட்வேருக்கு இந்தத் தந்திரம் எல்லாம் அத்துப்படி. அதுவும் பாக்கறவன் போற வழியிலயே போய் எடுத்துக்கும்.

அடுத்தது சினிமாத் தட்டுப் பூட்டு. அதுக்குப் பேரு சிஎஸ்எஸ், 1996ல வந்தது, 40 பிட் சாவி. அந்தச் சாவி தட்டோட உள்வட்டத்துல, லீட்-இன்னு சொல்ற எடத்துல உக்காந்திருக்கும். நீங்க கடையில வாங்கற வெத்துத் தட்டுல அந்த எடத்தை ஆலையிலயே எழுத முடியாதபடி அடைச்சுத்தான் விடறாங்க. உங்க ரைட்டர் தலைகீழா நின்னாலும் அங்க ஒரு எழுத்தும் போடாது. அச்சு வார்த்துத் தட்டு அடிக்கற ஆலைக்குத்தான் போகணும். லைசன்ஸ் காசு தனி. பெரும்பாலும் ஆயிரம் தட்டுக்குக் குறைஞ்சா அங்க ஏறெடுத்தும் பாக்க மாட்டாங்க.

அப்படியே போட்டாலும்? 1999லயே நார்வேயில யோன் யோஹான்சன்ங்கற 15 வயசுப் பையனும் கூட்டாளிகளும் அதை ஒடைச்சு டிசிஎஸ்எஸ்னு வெளிய விட்டுட்டாங்க. அந்தப் பையன் மேல கேஸ் போட்டு, 2003ல அவன் விடுதலையும் ஆயிட்டான். ஹாலிவுட்டுக்காரங்க பூட்டுக்கே மூணு வருசம்தான் ஆயுசு.

பொள்ளாச்சி பழைய கேமரா:
மேக்ரோவிஷன் போடலாமே தம்பி? விஎச்எஸ் காலத்துல அதைப் போட்டா காப்பி கேசட்டுல படம் மங்கி மங்கிப் பிரகாசிக்கும். நான் கண்ணால பார்த்திருக்கறேன்.

பீளமேடு 404:
நீங்க பார்த்தது சரிதாங்க ஐயா. அது விசிஆரோட (கேசட் ரெக்கார்டர்) ஒளியளவைத் தானா சரிபண்ற சுற்றைக் கொழப்பற தந்திரம். வயர் மாட்டி கேசட்டுல புடிக்கறவனைத்தான் தடுக்கும். கம்ப்யூட்டர்ல ஃபைலா எடுக்கறவனுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

திருப்பூர் பனியன்:
2004லயே குண்டர் சட்டத்துல வீடியோ திருடனையும் சேத்தாச்சு. கும்மிப் பாட்டுக்கு ஒரு வருசம் உள்ள இருப்பானா அந்தச் செல்போன் கடைக்காரன் 😄

ஈரோடு குமாஸ்தா:
சிரிப்பு இருக்கட்டும். வக்கீல் ஆபீஸ்ல இருக்கறதால ஒண்ணு கேக்கறேன். கோபி அண்ணா, கேமரா வாடகைக்கும் கூலிக்கும் காசு ஆரு குடுத்தாங்க?

கோபி ஸ்டுடியோக்காரன்:
ஊர் கமிட்டி 15,000 அட்வான்ஸ் குடுத்துச்சுங்க. பில் புக்குல "வீடியோ கவரேஜ்"னு ஒரு வரி எழுதிக் குடுத்தேன். தட்டு விக்கறது என் லாபம்னு வாய்வார்த்தை.

ஈரோடு குமாஸ்தா:
அப்ப கேளுங்க, கோவிச்சுக்காதீங்க. 1957 காப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு, (பி) உட்பிரிவு. ஒருத்தர் காசு குடுத்து, அவர் கேட்டு எடுத்த படம்னா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் காசு குடுத்தவர்தான் முதல் உரிமையாளர். அதாவது கமிட்டி. வாய்வார்த்தையை நாளைக்கு ஆரு வந்து சாட்சி சொல்லுவாங்க? 63ஆம் பிரிவுல ஆறு மாசம் முதல் மூணு வருசம் வரைக்கும் தண்டனை இருக்குதுதான். ஆனா புகார் குடுக்கப் போனீங்கன்னா முதல் கேள்வியே "நீங்க ஆரு?"ன்னு வரும். போதாததுக்குப் பாடுன வாத்தியாருக்கும் ஆடுனவங்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை தனியா 50 வருசம் இருக்குது. அடுத்த தடவை பில்லுல உரிமை ஆருதுன்னு ரெண்டு வரி சேர்த்து எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்க.

குன்னத்தூர் அம்மிணி:
இத்தனை நேரம் படிச்சுட்டுச் சும்மா இருந்தனுங்க. நானும் கும்மி ஆடறவதான், அந்த 140ல இல்லை, வேற ஊரு. எங்க வாத்தியார் மூணு மாசம் சாயங்காலம் சாயங்காலம் வந்து சொல்லிக் குடுத்தாரு, ஒத்தப் பைசா வாங்கல. ஆளுக்கு ஒரே கலர்ச் சேலை எடுத்து, சலங்கை வாங்கி, கால் வீங்க ஆடுனது நாங்க. என் மக பெங்களூர்ல இருக்கறா, அவளுக்கு அனுப்பணும்னா நான் இன்னொரு தட்டுக்கு 200 குடுக்கணுமுங்களா? அவ ஊட்டுல பிளேயரே இல்லை.

உங்க தட்டு ஏன் போகலைன்னு நான் சொல்லட்டுமா தம்பி. எங்கூர்த் தட்டுலயும் இதே கதைதான். மேல இருந்து சுத்திச் சுத்தி ஒரே கூட்டமாக் காட்டறீங்க. முன் வரிசையில ஆறு பேரு மூஞ்சிதான் தெரியுது. மத்தவிக எல்லாம் சேலை முந்தி மட்டுந்தான். ஒவ்வொருத்தியையும் அஞ்சு நொடி கிட்டக்க காட்டிப் பேரு போட்டீங்கன்னா, ஒறம்பரைக்குன்னே ரெண்டு தட்டு வாங்குவோம்.

கோபி ஸ்டுடியோக்காரன்:
அம்மிணிக்கா, செவுள்ல அறைஞ்ச மாதிரி இருக்குது. சரிதானுங்க.

404 தம்பி, பேரு போடறதுன்னு வந்தாச்சு. தட்டுக்குத் தட்டு வாங்கறவிக பேரையும் உள்ள போட்டுட்டா ஆருது வெளிய போச்சுன்னு தெரியுமல்ல? ஆனா ஒவ்வொரு தட்டுக்கும் முழுசா ரெண்டர் பண்ணுனா என் சிஸ்டத்துல ரெண்டு மணி நேரம் ஆவுது. 140 தட்டுக்கு முடியுமா?

பீளமேடு 404:
முழுசா எதுக்கு? படத்தை மூணாப் பிரிங்க. நடுவுல முருகன் கெழவனா வர்ற பாட்டுல ஒரு 10 நொடி மட்டும் தனித் துண்டு. அந்தத் துண்டுல "இது இன்னாருக்காக"ன்னு பேரும் தட்டு நம்பரும். 10 நொடின்னா 250 ஃபிரேம், சீக்கிரமா முடிஞ்சிரும். மத்த ரெண்டு துண்டும் ஒரு தடவை எம்பெக்-2 (டிவிடிக்கான வீடியோ வடிவம்) ஆக்குனது அப்படியே இருக்கட்டும், தட்டுக்குத் தொகுக்கற ஆத்தரிங் சாஃப்ட்வேர் அதைத் தொடாம சேர்த்துக்கும். பேரை மூலையில போடாதீங்க. பழைய டிவி ஓரத்துல கொஞ்சம் முழுங்கும், மூலையில போட்டா வெட்டித் தள்ளறதும் சுலபம். ஆடறவங்க இடுப்புக்கு நேரா, வெளிச்சமில்லாத மெல்லிசு எழுத்து.

வெட்டணும்னு கங்கணம் கட்டுனவன் இதையும் வெட்டுவான். 30 ரூபாய்க்கு ஏத்தறவன் அவ்வளவு மெனக்கெட மாட்டான்.

கோபி ஸ்டுடியோக்காரன் (9 நாள் கழிச்சு):
செஞ்சேனுங்க. ஆனா புதுசா ஒரு கெரகம். பேரு வர்ற 10 நொடி மட்டும் சேலை முந்தி நடுங்குது. கை வீசும்போது ஒவ்வொரு விரலும் ரெண்டா தெரியுது. முன்னயும் பின்னயும் சுத்தம்.

பீளமேடு 404:
ஃபீல்டு வரிசை மாறிப்போச்சு. ஒவ்வொரு ஃபிரேமும் ஒத்தப்படைக் கோடு, ரெட்டைப்படைக் கோடுன்னு ரெண்டு பாதியா வரும், அந்தப் பாதிதான் ஃபீல்டு. உங்க எச்டி கேமரா 1080 ஐ (1080i), அது மேல் ஃபீல்டு முதல்ல. பேரு போட்ட புராஜெக்டை "பேல் டிவி" (PAL DV, பழைய டிவி கேசட் கேமரா அமைப்பு)ன்னு திறந்திருப்பீங்க, அது கீழ் ஃபீல்டு முதல்ல. துண்டை எக்ஸ்போர்ட் பண்ணும்போது மேல் ஃபீல்டுன்னு மாத்துங்க, அவ்வளவுதான். பிட்ரேட்டும் ஒரே அளவா வெச்சுருங்க.

கோபி ஸ்டுடியோக்காரன் (3 வாரம் கழிச்சு):
நடுக்கம் நின்னுருச்சு, கோடி நன்றி. ஒவ்வொருத்தர் மூஞ்சியும் கிட்டக்க வெச்சு மறுபடி எடிட் பண்ணித் தட்டு போட்டதுல 61 போயிருக்குது. பழசு வாங்கன 23 பேருக்கும், திருப்பிக் குடுத்த 6 பேருக்கும் சும்மாவே மாத்திக் குடுத்துட்டேன்.

நேத்து ஒரு பையன் பென்டிரைவ்ல கொண்டாந்தான். போட்டுப் பார்த்தேன். கெழவன் பாட்டுல எழுத்து வருது, தட்டு நம்பர் 1. அது நான் கும்மி வாத்தியாருக்கு மால போட்டு இனாமாக் குடுத்த தட்டு. கேட்டவிகளுக்கெல்லாம் அவரே குடுத்திருக்கறாரு.

திருப்பூர் பனியன்:
கேட்டீங்களா அவர்கிட்ட?

கோபி ஸ்டுடியோக்காரன்:
மூணு மாசம் சும்மா சொல்லிக் குடுத்த மனுசன்கிட்ட 200 ரூபாய்க்கு என்னன்னு போய்க் கேக்கறது? அடுத்த மாசம் நம்பியூர்ப் பக்கம் ஒரு அரங்கேற்றம். தட்டுக்குன்னு காசே வாங்கல, ஆளுக்கு ஒண்ணுன்னு கமிட்டியே மொத்தமா முன்பணம் குடுத்துருது. பில்லுல குமாஸ்தா அண்ணன் சொன்ன ரெண்டு வரியும் எழுதியாச்சு. அம்மிணிக்கா, உங்க மகளுக்கும் சேர்த்து, வேணுங்கறவிகளுக்கு பென்டிரைவும் நானே போட்டுக் குடுக்கறேன், 50 ரூபா.

குன்னத்தூர் அம்மிணி:
செல்போன் கடையில 30 தானே தம்பி.