புதுப்பிப்பு: பாம்பன் மாலை ஆங்கில வகுப்பு, பிள்ளைகள் வராத நாட்கள்

பாம்பன் பக்கம் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லித் தருகிறேன், வாரத்தில் சில நாள் பாதி வகுப்பு காலியாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது பக்கத்து ஊரான மண்டபத்திலிருந்து பதில் போட்ட அண்ணன் சொன்னதுதான்: "காலண்டரைப் பார்க்காதீங்க, படகு போற நாளைப் பாருங்க." இங்கே விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி போகும், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள். என் வகுப்பில் பெரும்பாலும் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகள். வலை ஏற்றும் மாலைகளில் பையன்கள் கரையில்தான் நிற்பார்கள். வகுப்பைத் திங்கள், புதன், சனிக்கு மாற்றினேன், பையன்கள் வந்துவிட்டார்கள். மிட்டாய் கொடுக்கும் யோசனை ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

எதிர்பாராதது, பெண் பிள்ளைகள் அப்போதும் வரவில்லை. விசாரித்தால் காரணம் குடிதண்ணீர்! குடத்தோடு வரிசையில் நிற்கும் நேரமும் வகுப்பு நேரமும் ஒன்று. விளக்கு வைத்த பிறகு என்று தள்ளியதும் அதுவும் சரியானது.

எழுத்து பழக்கப் படகு எண்களை வைத்துக்கொள்ளச் சொன்ன டீச்சருக்குத் தனி நன்றி. ஐஎன்டி, டிஎன் என்று படகின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருப்பதைக் கத்திக்கொண்டே படிக்கிறார்கள். அப்புறம் ஒரு அப்பா வந்து, ஜிபிஎஸ் திரையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மகனுக்குச் சொல்லித்தரச் சொன்னார். அதைத்தான் இப்போது நடத்துகிறேன், பாடப்புத்தகத்தைவிட இதில்தான் வாய் திறக்கிறார்கள்.

பின்னால் தேடி வருபவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு மட்டும்தான் நிற்கும், நாட்டுப்படகு போகும். அப்போது நாள் முறை மாறலாம், கரையில் கேட்டுவிட்டு வகுப்பு வையுங்கள்.