கடவுச்சொல் சரிதான், கணக்குதான் திறக்கவில்லை

புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு, பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஓப்பன்எல்டாப் சர்வரில் கணக்குத் திறந்து கடவுச்சொல்லைக் கொடுத்தேன். உள்ளே போக முடியவில்லை என்றார். பிழை எண் 49. "நீங்கள் கொடுத்ததைத்தான் சார் அடிக்கிறேன்" என்றார். நான் நம்பவில்லை. இந்த வேலையில் சில ஆண்டுகள் இருந்தால் வருகிற வியாதி அது. கேப்ஸ் லாக்கைப் பாருங்கள், ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள் என்று அவரைப் பாடாய்ப் படுத்தினேன்.

இந்த 49 சரியான ஊமை. அந்தப் பெயரில் கணக்கே இல்லாவிட்டாலும் 49, கடவுச்சொல் தவறினாலும் 49, கணக்கு பூட்டிக்கொண்டிருந்தாலும் பெரும்பாலும் அதே 49. பெயர்களை ஊகித்துப் பார்க்கும் வெளியாளுக்குத் துப்புக் கிடைக்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் விழிபிதுங்குவது நமக்கு.

கடைசியில் கையாலேயே கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தேன். உடனே திறந்தது. "பார்த்தீர்களா, இப்போது சரியாக அடித்திருக்கிறீர்கள்" என்று வேறு சொன்னேன்! அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். இருவருக்கும் அதே 49. மூன்று பேருக்குமா தட்டச்சு வராது? அப்போதுதான், புதுக் கணக்குகளைத் திறக்க நான் எழுதிவைத்திருந்த ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்தேன். கடவுச்சொல்லை 'எக்கோ' கட்டளை வழியாக பேஸ்64 என்ற குறியாக்கத்துக்கு அனுப்பி, வந்ததை சர்வரில் ஏற்றும் எல்டிஃப் கோப்பில் எழுதியிருந்தேன். எக்கோ தன் பங்குக்கு இறுதியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்துவிடும். அதுவும் கடவுச்சொல்லின் ஒரு பகுதியாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறியை எவரால் தட்டச்சு செய்ய முடியும்? 'பிரின்ட்எஃப்' என்று மாற்றியதும் தீர்ந்தது. முதலாமவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்துவிட்டார்.

---

நான் வேறு அலுவலகம். எங்களுடையது ஆக்டிவ் டைரக்டரி, இதே வேலையைச் செய்யும் மைக்ரோசாஃப்ட் சேவை. அங்கே 49-உடன் ஒரு துணை எண்ணும் வரும்: 775 என்றால் பூட்டப்பட்டது, 532 என்றால் கடவுச்சொல் காலாவதி, 533 என்றால் முடக்கப்பட்டது. அந்த அளவுக்குப் புண்ணியம்.

ஓர் அதிகாரியின் கணக்கு நாளுக்கு நான்கு முறை பூட்டிக்கொண்டது. திறந்துவிட்டால் அரை மணி நேரம் தாங்கும். கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்களுக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். அவற்றில் பிடிசி எமுலேட்டர் என்ற தனிப் பொறுப்பில் உள்ளதில், கணக்கு பூட்டப்பட்டதைப் பதியும் 4740 என்ற நிகழ்வைத் தேடினேன். எந்தக் கணினியிலிருந்து தவறான முயற்சி வந்தது என்று அதில் பெயர் இருக்கும். எவரும் எட்டிப் பார்க்காத பழைய சர்வர் ஒன்றின் பெயர் இருந்தது. அதிகாரி எப்போதோ தன் சொந்தக் கணக்கில் அங்கே ஒரு தானியங்கிப் பணியை அமைத்துவிட்டு மறந்திருக்கிறார். அது பழைய கடவுச்சொல்லையே அனுப்பிக்கொண்டிருந்தது.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். அதற்குள் அவர் மூன்று முறை கடவுச்சொல் மாற்றிவிட்டார். முதல் இரண்டு முறை ஏன் பூட்டவில்லை? கடவுச்சொல் வரலாற்றை வைத்திருக்கும் டொமைனில், தவறாக வந்தது முந்தைய இரண்டு கடவுச்சொற்களில் ஒன்றாக இருந்தால் ஆக்டிவ் டைரக்டரி அதைத் தவறான முயற்சியாக எண்ணுவதில்லை. மூன்றாவது மாற்றத்தோடு அந்தச் சலுகை முடிந்துவிட்டது. பணி மட்டும் மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை.

---

என் கதை சிறியது. கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றியும் ஒரு மெய்நிகர் கணினியில் நுழைய முடியவில்லை. இடைநிறுத்தி மீண்டும் இயக்கியதில் அதன் கடிகாரம் 11 நிமிடம் பின்தங்கியிருந்தது. உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் நெறிமுறை வழக்கமாகப் பொறுப்பது 5 நிமிட வித்தியாசத்தைத்தான்.

---

லினக்ஸ் கணினிகளும், ஓப்பன்எல்டாப் போன்ற எல்டாப் சர்வரும் இருக்கும் இடத்தில் நடந்தது. ஒருவர் தினமும் காலையில் வந்து, "கடவுச்சொல் காலாவதி என்கிறது, மாற்றுகிறேன், நாளைக்கும் அதையே சொல்கிறது" என்பார். ஒன்பதாவது மாற்றத்தில் அவருக்குக் கற்பனை வறண்டுவிட்டது.

கடைசியாக மாற்றிய நாள் 'ஷேடோ லாஸ்ட் சேஞ்ச்' என்ற தனிப் புலத்தில் இருக்கிறது, 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நாட்களாக. நாங்கள் எழுதிய மாற்றுப் பக்கம் கடவுச்சொல்லை மட்டும் மாற்றியது. இந்த எண்ணைத் தொடவே இல்லை. திருத்தப் போனால், பயனருக்கு அந்தப் புலத்தில் எழுதும் உரிமையே இல்லை. அனுமதி விதியில் ஒரு வரி சேர்த்து, பக்கத்தையும் திருத்தியதோடு அவருடைய காலை வருகை நின்றது. டீ குடிக்க ஆள் குறைந்துவிட்டது என்பது வேறு.

---

முதல் கதையை எழுதியவன் நான்தான். அந்த அதிகாரியின் மூன்றாவது மாற்றம் பற்றிப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. எங்கள் இன்னொரு அலுவலகத்திலும் ஆக்டிவ் டைரக்டரிதான். போய்ப் பார்த்தேன். இரவு பேக்கப் பணி ஓடுவது, வேலையை விட்டுப் போகும் ஒருவரின் கணக்கில். வெள்ளிக்கிழமை மாலை அதை முடக்கச் சொல்லிக் கோரிக்கை ஏற்கெனவே என் வரிசையில் இருக்கிறது. ஆளுக்கல்லாமல் பணிகளுக்கென்றே இருக்கும் சேவைக் கணக்கு ஒன்றை உருவாக்கி அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட்டிடம் விடவில்லை.