பாஸே சேம்ப்ல்: ஆறு வடிவமும் மனப்பாடம் ஆக வேண்டுமா?

லியோன் நிலா:
வணக்கம். மகனுக்கு 11 வயது, சிஸியெம் (ஆறாம்) வகுப்பு. பள்ளியில் பாஸே சேம்ப்ல் தொடங்கியிருக்கிறார்கள். கதையிலும் வரலாற்றிலும் மட்டும் வருகிற பிரெஞ்சு இறந்தகாலம் அது. வகுப்பு ஆசிரியை மூன்றாம் ஆளுக்கு (அவன், அவர்கள்) மட்டும், ஒருமையும் பன்மையும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொல்லித்தருபவரோ 40 வினைச்சொற்களை ஆறு ஆளுக்கும் எழுதி, திங்கட்கிழமைக்குள் ஒப்பிக்கச் சொல்லிவிட்டார். மொத்தம் 240 வடிவம். நேற்று இரவு 'நூ வேன்ம்' (நாங்கள் வந்தோம்) வரை வந்தவன் பேனாவை வைத்துவிட்டு அழுதான். நான் பிரான்சுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. பிரெஃபெக்சர் அரசு அலுவலகத்தில், வேலையிடத்தில், மருத்துவமனையில் ஒருவர்கூட என்னிடம் இந்தக் காலத்தில் பேசியதில்லை. இவ்வளவும் தேவையா?

ரயில்வாசகன்:
நிலா அக்கா, தேவையில்லை. 'நான் வந்தேன்' என்று சொல்ல 'ஜ ஸ்வி வென்யூ' போதும். அது பாஸே கொம்போஸே. வீட்டுப் பேச்சு, கடிதம், குறுஞ்செய்தி எல்லாம் அதில்தான் நடக்கிறது. 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டமே சிஸியெம் வரைக்கும் மூன்றாம் ஆள் போதும் என்றுதான் சொன்னது. அதாவது உங்கள் மகனின் ஆசிரியை செய்தது சரி. நாவலுக்குக்கூட இது கட்டாயம் இல்லை. எழுத்தாளர் காம்யு 1942-இல் 'அந்நியன்' நாவலை பெரும்பாலும் பாஸே கொம்போஸேயில்தான் எழுதினார். நான் தினமும் ரயிலில் பிரெஞ்சு நாவல் படிக்கிறவன். பார்த்தால் அடையாளம் தெரிகிறது, அதற்குமேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. அழுகிற பிள்ளையைத் தூங்க விடுங்கள்.

வில்லியனூரான்:
பிள்ளையை அழவைத்த முறை தவறு, அதில் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'தேவையில்லை' என்று ஒரே வார்த்தையில் முடிப்பதை ஏற்க மாட்டேன். புதுச்சேரியில் 31 வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் நான். 240 என்று எண்ணினால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். உண்மையில் இருப்பது நான்கு உயிரொலிதான்: ஆ, இ, யூ, ஏன்.

பிரெஞ்சு வினைகளில் பத்தில் ஒன்பது 'ஏ' என்று முடிகிறவை. அவை எல்லாம் ஆ வீடு: இல் பார்லா (அவன் பேசினான்), இல் மான்ஜா (அவன் சாப்பிட்டான்). நிகழ்காலத்தில் நம்மைப் பாடாய்ப்படுத்தும் 'அலே' (போ) கூட இங்கே வந்தால் 'இல் அலா' என்று சாதுவாகிவிடும். பன்மை மட்டும் கொஞ்சம் மாறும்: இல் பார்லேர் (அவர்கள் பேசினார்கள்). இ வீட்டில் ஃபினி (முடித்தான்), ப்ரி (எடுத்தான்), ரெபோந்தி (பதில் சொன்னான்). யூ வீட்டில் வூல்யூ (விரும்பினான்), ல்யூ (படித்தான்), ப்யூ (குடித்தான்). ஏன் வீடு மிகச் சின்னது. வெனீர் (வா), தெனீர் (பிடி), அந்த இரண்டிலிருந்தும் முன்னொட்டுப் போட்டுப் பிறந்தவை, அவ்வளவுதான். ஆ வீட்டை விட்டுவிட்டால் மற்ற மூன்றுக்கும் வால் ஒன்றே. ஒன்றைக் கற்றவன் மூன்றையும் கற்றுவிட்டான்.

அம்மா நிலா, உங்கள் மகனுக்கு இந்தக் காலம் புதிதும் இல்லை. தேவதைக் கதை எதை எடுத்தாலும் 'இல் வேக்யூர் எரோ, எ யூர் போகூ தாஃபான்' என்றுதான் முடியும். மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள், நிறையப் பிள்ளைகள் பெற்றார்கள். அந்த ஒரு வரியில் வீவ்ர், அவுவார் என்ற இரண்டு கஷ்டமான வினைகளின் பன்மை வடிவம் இருக்கிறது. நாலு வயதில் காதால் கேட்டதை 11 வயதில் கையால் எழுதப்போகிறான்.

ரயில்வாசகன்:
ஐயா, நீங்கள் சொன்ன நான்கு வீடும் மூன்றாம் ஆளுக்கே போதுமே! 'வூ பார்லாத்' என்ற வடிவத்தை ஒரு நாவலில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 'நீங்கள் பேசினீர்கள்' என்று எதிரில் இருப்பவரிடம் சொல்வது உரையாடல். உரையாடலில் இந்தக் காலம் செத்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. பிறகு யாருக்காக அந்த வடிவத்தில் 'ஆ'வின் தலைமேல் போடும் தொப்பிக்குறி (^)? அந்த நேரத்தை சப்ஜோன்க்திஃபுக்கு (விருப்பம், ஐயம் சொல்லும் வினைவடிவம்) கொடுத்தால் வாழ்நாள் முழுக்கப் பேச்சில் உதவும்.

ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. பாஸே கொம்போஸேயில் வரும் எச்சத்தை ('ஜ ஸ்வி வென்யூ'வில் 'வென்யூ') பாருங்கள். வூல்யூ, ல்யூ, ஃபினி, ப்ரி எல்லாம் அங்கே எப்படி ஒலிக்கிறதோ அப்படியே இங்கேயும். தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடிக்கலாம், தனிப் பட்டியலே வேண்டாம்.

தொப்பிக்குறி:
ரயில்வாசகன், உங்கள் குறுக்குவழி பாதி ஊர் வரைதான் போகும். 'பதில் சொன்ன' என்பதற்கு எச்சம் ரெபோந்த்யூ, ஆனால் பாஸே சேம்ப்ல் ரெபோந்தி. பார்த்தல்: எச்சம் வ்யூ, இங்கே வீ. வருதல்: வென்யூ, இங்கே வேன். பிறத்தல்: நே, இங்கே நக்கி. கதையில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற வினைகளே இவைதான். குறுக்குவழியை நம்பிப் போகிற பிள்ளை முதலில் இடறுவது இவற்றில்தான்.

இன்னொன்று. வடிவத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். லில் நகரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் தடுக்கி விழுவது பாஸே சேம்ப்லா எம்பர்ஃபேயா (நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இறந்தகாலம்) என்ற இடத்தில். தமிழில் 'மழை பெய்தது, அவன் நடந்தான், நாய் குரைத்தது' என்று மூன்றையும் ஒரே இறந்தகாலத்தில் சொல்லலாம். பிரெஞ்சில் பெய்துகொண்டிருந்த மழையும் நடந்துகொண்டிருந்த அவனும் எம்பர்ஃபேக்குப் போக வேண்டும். திடீரென்று குரைத்த நாய் மட்டும் பாஸே சேம்ப்ல். 'பேசினேன்' என்ற 'ஜ பார்லே'யும் 'பேசிக்கொண்டிருந்தேன்' என்ற எம்பர்ஃபே வடிவமும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று, எழுத்தில் கடைசியில் ஒரு 'எஸ்'தான் வித்தியாசம். பிரெஞ்சுப் பிள்ளைகளே தவறும் இடம் இது. 240 வடிவம் ஒப்பித்தாலும் எந்த வாக்கியத்தில் எது என்று தெரியாவிட்டால் என்ன பயன்?

வில்லியனூரான்:
நன்றாகச் சொன்னீர்கள். அந்த நாய் குரைக்கும் வாக்கியத்தை முதல் நாளே சொல்லித்தந்திருக்க வேண்டும். 'வூ' விஷயத்திலும் தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அதையும் 'த்யூ'வையும் (நீ) ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் 'ஜ'வையும் 'நூ'வையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜூல் வெர்னின் கடலடிப் பயணக் கதை 1869-70-இல் நூலாக வந்தது. பேராசிரியர் அரோனாக்ஸ் தானே சொல்லும் கதை அது, கூடவே இரண்டு தோழர்கள். 'ரெபோந்தி-ஜ' (பதில் சொன்னேன்), 'நூஸ் அரிவாம்' (வந்து சேர்ந்தோம்) என்று கதை முழுக்க நானும் நாங்களும்தான். மூன்றாம் ஆள் மட்டும் தெரிந்த பிள்ளை அந்தக் கப்பலில் எப்படி ஏறுவான்?

யாரும் பேசவில்லை என்கிறீர்கள். 'அவர்கள் சென்றனர்' என்று நம் வீட்டில் யார் பேசுகிறார்கள்? செய்தித்தாளில் படிக்கிறோம், பரீட்சையில் எழுதுகிறோம்.

ரயில்வாசகன்:
அந்த உவமை பொருந்தாது ஐயா. 'செல்' தெரிந்தவனுக்கு 'சென்றனர்' தானாகப் புரியும். 'நேத்ர்' (பிற) தெரிந்தவனுக்கு 'நக்கி' எப்படிப் புரியும்? 'எத்ர்' (இரு) எங்கே, 'ஃப்யூ' (இருந்தான்) எங்கே? வேரே மாறிவிடுகிறது.

வில்லியனூரான்:
அதனால்தான் தம்பி கற்க வேண்டும் என்கிறேன்! தானாகப் புரிகிறதை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? 'ஒளி உண்டாகட்டும்' என்றதும் 'எ லா ல்யுமியேர் ஃப்யூ' (ஒளி உண்டாயிற்று) என்று பிரெஞ்சு விவிலியத்தில் வருகிறதே, அந்த ஒற்றை அசையில் ஒளி வந்து நிற்கிறது. அதைப் பாஸே கொம்போஸேக்கு மாற்றிச் சொல்லிப் பாருங்கள், அந்த வரி உட்கார்ந்துவிடும்.

போர்-ருவயால் என்ற பிரெஞ்சு இலக்கண நூல் 1660-இல் வந்தது. பேசுகிற நாளுக்கும் நடந்த செயலுக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள் கடந்திருந்தால்தான் இந்தக் காலத்தைப் பயன்படுத்தலாம் என்று அதில் விதி இருக்கிறது. இன்று காலை நடந்ததற்கு இது ஆகாது. நம் 'வந்திருக்கிறான்', 'வந்தான்' இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்கிறவன் நிகழ்ச்சியைத் தன்னிடமிருந்து தள்ளி வைக்கிறான். அந்தத் தூரத்தை உணராமல் ஒருவன் பிரெஞ்சு நாவல் படித்தால் கதை தெரியும், குரல் கேட்காது. எனக்கு அதுதான் மனசு கேட்கவில்லை.

தொப்பிக்குறி:
நிலா அக்கா, வழி ஒன்று சொல்கிறேன். 40 வினை வேண்டாம், கதையில் அடிக்கடி வரும் 15 எடுங்கள். மூன்றாம் ஆள் இரண்டையும் எழுதட்டும். 'ஜ', 'நூ' இரண்டையும் வாய்விட்டுப் படித்தால் போதும். அப்புறம் ஒரு கதைப் பக்கத்தில் பாஸே சேம்ப்லுக்குச் சிவப்பு, எம்பர்ஃபேக்கு நீலம் என்று கோடு போடச் சொல்லுங்கள்.

லியோன் நிலா:
எல்லோருக்கும் நன்றி. சொல்லித்தருபவரிடம் பேசினேன், 15-க்கு ஒத்துக்கொண்டார். நேற்று சிவப்பு, நீலம் இரண்டு பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 'எடுத்தான்' என்பதற்கு முதலில் 'இல் ப்ரெனா' என்று எழுதினான். எல்லாவற்றையும் ஆ வீட்டில் குடிவைக்கிறான். 'ப்ரி' என்று திருத்தியதும், 'அப்போ இது இ வீடா?' என்று அவனே கேட்டான். அழவில்லை. அந்தப் பக்கத்தில் சிவப்பைவிட நீலம்தான் அதிகம் என்று எண்ணியும் சொன்னான். ரயில்வாசகன் தம்பி, 'நூ'வை நாங்கள் இன்னும் தொடவில்லை, உங்களுக்குத் திருப்தியா? ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், விடுமுறையில் தொடுவோம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. கதையில் 'இல் வீ லா மேர்' என்று ஒரு வரி. வீவ்ர் என்ற வினையின் நிகழ்காலமும் 'வீ' என்றுதானே வரும், அப்போ கடலில் வாழ்கிறானா என்று மகன் கேட்டான். இங்கே 'கடலைப் பார்த்தான்' என்பதுதானே சரி?

ரயில்வாசகன்:
பார்த்தான் அக்கா. கடலில் வாழ்கிறான் என்றால் நடுவே 'தான்' என்ற பிரெஞ்சு இடைச்சொல் வந்திருக்கும். சிவப்புக் கோடு போடச் சொல்லுங்கள்.