குழந்தை இருக்கும் வீட்டில் வண்ணக் கண்ணாடி வேலை: ஈயப் பற்றாசு, புகை, கண்ணாடித் தூள் பற்றி ஆலோசனை தேவை

பள்ளத்தூர் மருமகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் உள்ள எங்கள் மாமனார் வீடு பழைய நகரத்தார் வீடு. முகப்பிலும் வளவைச் (நடுமுற்றத்தைச்) சுற்றியும் ஜன்னல்களுக்கு மேலுள்ள அரைவட்ட வளைவுகளில் சிவப்பு, பச்சை, நீல நிறக் கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள். அவற்றுள் சில உடைந்தும் சில விரிசல் விட்டும் நெடுங்காலம் ஆகிவிட்டது. சென்னையில் இருந்தபோது ஒரு பயிற்சி வகுப்பில் கண்ணாடி வெட்டவும், விளிம்பில் செப்புப் பட்டை ஒட்டிப் பற்றவைக்கவும் கற்றுக்கொண்டேன். இப்போது ஊரோடு வந்துவிட்டதால், முதலில் சிறிய தொங்கு அலங்காரங்களைச் செய்து பழகிவிட்டு, பிறகு அந்த வளைவுகளையும் நானே சரிசெய்யலாம் என்று எண்ணுகிறேன்.

வகுப்பில் வேலை நுணுக்கத்தைச் சொல்லித்தந்தார்களே தவிர, பாதுகாப்பைப் பற்றி "முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு (சால்டர்). வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் பருவம். "ஈயச்சொம்பு ரசம் குடித்து வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்" என்கிறார் மாமியார். கணவரோ இந்த வேலையே வேண்டாம் என்கிறார். பற்றவைக்கும்போது எழும் புகையில் காரீயம் இருக்கிறதா, என்-95 முகக்கவசம் அதற்குப் போதுமா, கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்திலிருந்து வரும் தூளால் நுரையீரலுக்குக் கேடு உண்டா, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் காலியாக உள்ள அறையில் செய்வது நல்லதா அல்லது காற்றோட்டமான வளவில் செய்வது நல்லதா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

காரைக்குடி கண்ணாடிப் பட்டறை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மாமியார் சொல்லும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. உங்கள் பற்றாசில் உள்ள 40 பங்கு காரீயம். அது முற்றிலும் வேறான, நஞ்சுள்ள உலோகம். ஆகவே அந்தச் சொம்பை இதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

புகையைப் பற்றிப் பலரும் தவறாகவே அஞ்சுகிறார்கள். 60-க்கு 40 பற்றாசு 183 முதல் 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பற்றாசை உருக்கும் பற்றுக்கோலை நாம் வைத்திருக்கும் வெப்பம் பெரும்பாலும் 350 முதல் 400 டிகிரி வரை. காரீயம் கவலைப்படும் அளவுக்கு ஆவியாவது 500 டிகிரியை ஒட்டித்தான் தொடங்கும். எனவே கோலின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும்வரை, கண்முன்னே சுருண்டு எழும் புகை ஏறக்குறைய முழுவதும், பற்றாசு நன்றாக ஒட்டுவதற்காகப் பூசும் ஃப்ளக்ஸின் புகையே. ஆனால் அதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. ரோசின் எனப்படும் பைன் மரப் பிசின் கலந்த ஃப்ளக்ஸின் புகை தொழில்வழி ஆஸ்துமாவுக்கு நன்கறியப்பட்ட காரணம், ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு புகையும் இழுப்பை வரவழைக்கும். துத்தநாகக் குளோரைடு கலந்த ஃப்ளக்ஸோ கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். என்-95 முகக்கவசம் தூசியைத் தடுக்குமே தவிர வாயுக்களைத் தடுக்காது. புகையை முகத்துக்கு வரவிடாமல் செய்வதே வழி: மேசை மட்டத்தில், வேலைக்கு அப்பால், ஜன்னலை ஒட்டி ஒரு எக்ஸாஸ்ட் விசிறியை வைத்து, புகை உங்களிடமிருந்து விலகி வெளியே போகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அது புகையை அறை முழுவதும் பரப்பிவிடும்.

காரீயம் உடலுக்குள் போவது மூக்கு வழியாக அல்ல, பெரும்பாலும் கை வழியாக. பற்றாசுக் கம்பியைப் பிடித்த விரல்களில் சாம்பல் நிறத்தில் ஒட்டுவதே அது. கரண்டி பிடித்து உண்பவர்களைவிடக் கையால் பிசைந்து உண்ணும் நமக்கு இதில் ஆபத்து அதிகம் என்பதால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்வதும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு, நகக்கண்வரை தேய்த்துக் கழுவுவதும் முகக்கவசத்தைவிட முக்கியம். கிருமிநாசினித் திரவம் உலோகத்தை அகற்றாது. வேலை மேசையில் தேநீர், வெற்றிலை, முறுக்கு எதுவும் இருக்கக் கூடாது. கை போதாதபோது பற்றாசுக் கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்வோரையும் கண்டிருக்கிறேன். அதைவிட நேராக நஞ்சை உண்ண வழியில்லை. அலைபேசியையும் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள், ஏனெனில் கழுவாத கையால் தொட்ட அலைபேசிதான் அடுத்த நிமிடம் குழந்தையின் கைக்குப் போகிறது.

உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் காரீயமில்லாப் பற்றாசையே சொல்வேன். வெள்ளீயத்தோடு சிறிதளவு செம்போ வெள்ளியோ கலந்த அது 217 முதல் 227 டிகிரி அளவில் உருகும். விலை கூடுதல், வழிந்தோடும் நயமும் சற்றுக் குறைவு, பற்றவைத்த கோடு அவ்வளவு வழவழப்பாக வராது. இரண்டு வயதுக் குழந்தை நடமாடும் வீட்டில் இந்தக் குறைகளை யோசிக்க வேண்டியதில்லை. ஃப்ளக்ஸ் புகை மட்டும் அப்படியேதான் இருக்கும், விசிறி அதற்கும் வேண்டும்.

கண்ணாடித் தூள் பற்றி: கல் உடைப்போருக்கு வரும் நுரையீரல் நோய்க்குக் காரணமான படிக சிலிக்கா அல்ல கண்ணாடியில் உள்ளது, ஆனாலும் நுண்தூள் மூச்சுக்குழாயை உறுத்தும், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறக் கண்ணாடிகள் சிலவற்றில் காட்மியம், செலினியம் போன்றவையும் இருக்கும். தேய்க்கும் இயந்திரத்தில் தண்ணீர் குறையாமலும் ஸ்பாஞ்சு காயாமலும் பார்த்துக்கொண்டால் தூள் பறக்காது. அடியில் தங்கும் சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்து மூடியுள்ள புட்டியில் போட வேண்டும். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டாம்.

தேவகோட்டை ரசனை எழுதியது:

இவ்வளவு அச்சம் தேவையில்லை என்பது என் கருத்து. நம் வீடுகளின் வளவு வானம் பார்த்தது. அங்கே ஒரு மேசையைப் போட்டு வேலை செய்தால் புகை தானாக மேலே போய்விடும், எக்ஸாஸ்ட் விசிறிச் செலவும் மிச்சம். வெளிச்சமும் அங்கேதான் நன்றாக இருக்கும், நிறங்களைப் பொருத்திப் பார்க்க அதுவே வசதி.

ஆச்சி மருத்துவர் எழுதியது:

தேவகோட்டை அன்பரின் யோசனை புகைக்குச் சரி, காரீயத்துக்குச் சரியல்ல. வற்றலும் வடகமும் காய்வதும், மிளகாய், மல்லி உலர்வதும், குழந்தை தவழ்வதும், விசேஷ நாட்களில் பந்தி நடப்பதும் எல்லாம் வளவையும் அதைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தையும் சார்ந்துதான். வீட்டிலேயே அதிகம் புழங்கும் இடத்தில் காரீயத் துகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் சிந்துவது எப்படிப் பொருந்தும்? மழை பெய்தால் முற்றத்தில் விழுந்தவை தண்ணீரோடு போகும் இடத்தையும் எண்ணிப் பாருங்கள். சில வீடுகளில் அந்த நீரைச் சேமித்துப் பயன்படுத்துகிறார்கள்.

குழந்தைகளின் குடல், உட்கொண்ட காரீயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை உறிஞ்சக்கூடியது. அது வளரும் மூளையைத் தாக்குகிறது, பெரும்பாலும் வெளியே அறிகுறியே தெரியாமல். இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதற்குக் கீழே இருந்தால் கேடில்லை என்று அதற்குப் பொருளல்ல, பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. காரீயப் பற்றாசையோ கண்ணாடிகளைக் கோக்கும் பழைய காரீயச் சட்டங்களையோ கையாளத்தான் போகிறீர்கள் என்றால், தொடங்கும் முன்பே உங்களுக்கும் குழந்தைக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இன்னொரு குழந்தைக்குத் திட்டமிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: எலும்பில் பல ஆண்டுகள் தங்கியிருக்கும் காரீயம் கர்ப்ப காலத்தில் வெளிப்பட்டுச் சிசுவைச் சென்றடையும்.

ஆகவே இரண்டாம் கட்டு அறையே சரி, கதவுக்குத் தாழ்ப்பாள் மேலே இருக்கட்டும். அந்த அறைக்கென்று மூடிய காலணி ஒன்றையும் பழைய சட்டை ஒன்றையும் ஒதுக்கி, அவற்றை நிலைப்படிக்கு வெளியே கொண்டுவராதீர்கள். சட்டையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் எழும்பும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய அறையாக இருந்தால் அந்தப் பூவேலைக்குள் பச்சைச் சில்லு எது, பூவிதழ் எது என்று கண்ணுக்குத் தெரியாது. மேசைக்கு அடியில் ஒற்றை நிறத் தார்ப்பாய் விரித்துக்கொள்வது நல்லது. உருகித் தெறிக்கும் பற்றாசு மணிகளும் அதில் தெரியும், அவைதாம் குழந்தையின் கண்ணை முதலில் இழுப்பவை.

தரையில் சம்மணமிட்டுக் கண்ணாடி வெட்டும் பழக்கம் வேண்டாம், உடையும் துண்டு மடியில்தான் விழும். பக்கவாட்டிலும் மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பார்வைக்கு அணியும் மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது. கண்ணில் துகள் பட்டால் கசக்காமல் சுத்தமான நீரால் அலசிவிட்டு, உறுத்தல் நீடித்தால் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். குத்தி நிற்கும் சில்லை நீங்களே பிடுங்க முயல வேண்டாம். சூட்டுக் காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் குளிர்நீர் போதும், பற்பசையும் மாவும் தடவாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர் மருமகள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அறையை முடிவு செய்துவிட்டோம், காரீயமில்லாப் பற்றாசையும் வரவழைக்கப் போகிறேன். ஜன்னல் வளைவுகளைக் கழற்றிக் கீழே இறக்கும் வேலைக்கு முன் ஏதேனும் கவனிக்க வேண்டுமா? மரச்சட்டங்களில் பழைய பெயிண்ட் பல அடுக்குகளாக இருக்கிறது. அதையும் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்று மாமனார் சொல்கிறார்.

கொத்தமங்கலம் மரவேலை எழுதியது:

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். இதுவரை நீங்கள் பேசிய பற்றாசைவிட அந்தப் பெயிண்டால்தான் காரீய ஆபத்து அதிகமாக இருக்க வாய்ப்பு. பழைய எண்ணெய் பெயிண்டுகளில் நிறத்துக்காகவும் உலர்வதற்காகவும் காரீயச் சேர்மங்களைத் தாராளமாகச் சேர்த்தார்கள். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். அதை உலர்வாக உப்புத்தாளால் தேய்த்தால் அறை முழுவதும் காரீயத் தூள் படியும். சூட்டுக் காற்று இயந்திரத்தாலோ ஊதுவிளக்காலோ பொசுக்கினால் இன்னும் மோசம், அந்த வெப்பத்தில் காரீயப் புகையே எழும். உரியாமல் உறுதியாக ஒட்டியிருக்கும் பெயிண்டை அப்படியே விட்டு மேலே புதுப் பூச்சு அடித்துவிடுவதுதான் சிறந்தது. உரிந்து தொங்கும் இடங்களை மட்டும் தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி, விழுவதைப் பிளாஸ்டிக் விரிப்பில் பிடித்துச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். அந்த நாட்களில் குழந்தை ஆயா (பாட்டி) வீட்டில் இருக்கட்டும். கண்ணாடியை நிறுத்தப் பூசி, காய்ந்து இறுகிய பழைய மக்குப் பூச்சிலும் காரீயம் இருக்கலாம், அதையும் நனைத்தே எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு மட்டும் நுண்தூளையும் தடுக்கும் பி-100 வடிகட்டி பொருத்திய முகக்கவசம் தேவை.

இன்னொன்று. நம் பக்கத்து வளைவுகளில் நான் பார்த்தவரை, கண்ணாடிகள் காரீயச் சட்டத்தால் கோக்கப்பட்டவையல்ல. ஒவ்வொன்றும் தேக்குச் சட்டத்தின் காடிப் பள்ளத்தில் தனித்தனியாக அமர்ந்து, மக்கினாலோ மெல்லிய மரப்பட்டியாலோ நிறுத்தப்பட்டவை. உங்கள் வீட்டிலும் அப்படியே இருந்தால், அந்த வளைவுகளைப் பழுதுபார்க்கப் பற்றவைப்பே தேவைப்படாது. உடைந்த துண்டின் வடிவத்தை அட்டையில் எடுத்து, புதுக் கண்ணாடியை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, மரப்பட்டியை அடித்து நிறுத்தினால் வேலை முடிந்தது. கழற்றும் முன் கண்ணாடியின் இருபுறமும் அகலமான ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிடுங்கள், விரிசல் விட்டவை தலைமேல் உதிராது. ஏணியில் நின்று ஒற்றைக் கையால் கழற்றும் வேலையல்ல இது. சாரம் கட்டி, இரண்டு பேராக, கனமான கையுறையோடு செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் மக்கு பயன்படுத்தினால் அந்த எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும் தன்மையுடையவை, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். தண்ணீரில் நனைத்து வையுங்கள் அல்லது வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

காரைக்குடி கண்ணாடிப் பட்டறை எழுதியது:

மரவேலை அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. நான் சொல்ல விட்டவை இரண்டு. பற்றவைத்த கோடுகளுக்குக் கறுப்பு நிறம் ஏற்றும் பாட்டினாத் திரவங்கள் பலவற்றில் செலினியச் சேர்மமும் நைட்ரிக் அமிலமும் இருக்கின்றன. செம்பு நிறம் தருவதில் மயில்துத்தம் இருக்கிறது. இவற்றை நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவும் கூடாது. குழந்தை வளரும்வரை நிறம் ஏற்றாமல் வெள்ளிப் பளபளப்போடு விட்டுவிட்டாலும் அழகாகவே இருக்கும்.

அடுத்தது மின்சாரம். பழைய வீடுகளின் இரண்டாம் கட்டில் பெரும்பாலும் இரண்டு துளைப் பிளக்குதான் இருக்கும், எர்த் இணைப்பு இருக்காது. தண்ணீர் தெறிக்கும் தேய்ப்பு இயந்திரத்தையும் பற்றுக்கோலையும் அதில் மாட்ட வேண்டாம். மின்பணியாளரை அழைத்து அந்த அறைக்கு எர்த் கம்பி இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்திய பிறகே இயந்திரத்தை வாங்குங்கள். பிளக்குப் பலகையை இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியைவிட உயரத்தில், சுவரில் அடித்துவிடச் சொல்லுங்கள்.